புல் வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்தது யார்? துணி மில்லில் பிறந்து வீட்டு வாசலுக்கு வந்த கதை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இப்போது கட்டப்படும் தனி வீடுகள் சிலவற்றில் வாசலுக்கு முன்னால் ஒரு சின்னப் பச்சைத் திட்டு தெரிகிறது. கார் நிறுத்தும் இடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே நாலு சென்ட் கூட இருக்காது. ஆனாலும் அந்தப் புல்லை வைத்து வீட்டுக்குள் நடக்கும் பஞ்சாயத்து பெரிசு. எவ்வளவு உயரத்துக்கு வெட்டுவது, வாரம் ஒரு முறையா மாதம் ஒரு முறையா, வெட்டிய புல்லை வாருவதா அப்படியே விடுவதா, ஆள் வைத்து வெட்டுவதா மெஷின் வாங்குவதா?

இந்தக் கேள்விகளை ஒரு சாதாரண வீட்டுக்காரர் கேட்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் சுமார் 200 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு மில் மெக்கானிக். அவர் பெயர் எட்வின் பியர்ட் பட்டிங். புல் வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த மெஷினின் உருளை பிளேடுக்கும், ஆம்பூர் டேனரிகளில் தினமும் ஓடும் ஒரு மெஷினுக்கும் உறவு உண்டு. யார் இந்த பட்டிங்? அவர் என்ன செய்தார்? அதனால் அவருக்கு என்ன கிடைத்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த எட்வின் பட்டிங்?

1796-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், ஸ்ட்ரவுட் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர் பட்டிங். பெரிய குடும்பம், பெரிய படிப்பு என்று எதுவும் இல்லை. முதலில் தச்சு வேலை கற்றுக்கொண்டார். பிறகு இரும்பு வார்ப்பு ஆலைகளில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார். மெஷின் ரிப்பேர், புது மெஷின் செய்து கொடுப்பது என்று ஸ்ட்ரவுட்டைச் சுற்றியிருந்த மில்களுக்கு வேலை பார்த்தார்.

ஆம்பூர், வாணியம்பாடிக்குத் தோல் எப்படியோ, அன்றைய ஸ்ட்ரவுட்டுக்குக் கம்பளித் துணி அப்படி. ஆற்றோரம் நெடுக மில்கள். துவைக்க, சாயம் போட, சக்கரம் சுற்ற என்று எல்லாவற்றுக்கும் ஆற்றுத் தண்ணீர்தான். அங்கே தயாரான அடர் சிவப்புக் கம்பளித் துணி ராணுவக் கோட்டுகளுக்குப் பேர் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியும் ஸ்ட்ரவுட் துணியை வாங்கியது. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது பட்டிங்குக்கு வயது சுமார் 10. அந்தக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் போட்டிருந்த சிவப்புக் கோட்டு மாதிரியான துணிதான் அவர் ஊரின் பிழைப்பாக இருந்தது.

துணிக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கம்பளித் துணியை நெய்து முடித்ததும் அது அப்படியே கடைக்குப் போகாது. மேலே சின்னச் சின்ன ரோமம் எழும்பி நிற்கும். அதைச் சீராக வெட்டினால்தான் துணி வழவழவென்று இருக்கும். அந்தக் காலத்தில் பெரிய கத்தரிக்கோலை வைத்துத் தேர்ந்த தொழிலாளிகள் கையால் இதைச் செய்தார்கள். உழைப்பும் அதிகம், கூலியும் அதிகம். ஒரு கை தவறினால் துணி வீண்.

இதற்கு மெஷின் வந்தது. ஸ்ட்ரவுட்டுக்குப் பக்கத்தில் பிரிம்ஸ்கோம்ப் என்ற ஊரில் மில் நடத்திய ஜான் லூயிஸ், 1815-ல் இப்படி ஒரு துணி வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் உயிர்நாடி ஒரு உருளை. உருளையைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகும் பிளேடுகள். கீழே அசையாத ஒரு பிளேடு. உருளை சுற்றும்போது மேல் பிளேடும் கீழ் பிளேடும் கத்தரிக்கோல் மாதிரிச் சந்தித்து, இடையில் வரும் ரோமத்தை ஒரே அளவில் வெட்டிவிடும்.

இந்த மாதிரி மெஷின்களோடு தினமும் மல்லுக்கட்டியவர்களில் பட்டிங்கும் ஒருவர். துணி மேல் நிற்கும் ரோமத்தை இது வெட்டுகிறது என்றால், தரை மேல் நிற்கும் புல்லை ஏன் வெட்டக் கூடாது? இதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை. கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அதற்கு முன் யாரும் அதைச் செய்து காட்டவில்லை.

அதற்கு முன் புல்லை எப்படி வெட்டினார்கள்?

நீளக் கைப்பிடி போட்ட பெரிய அரிவாள்தான் அன்று கருவி. ஆட்கள் வரிசையாக நின்று, இடுப்பைத் திருப்பி வீசி வெட்டுவார்கள். காய்ந்த புல் அரிவாளுக்கு முன்னால் மடங்கிப் போகும். அதனால் பனி ஈரம் இருக்கும்போதே, விடியற்காலையில் வேலையைத் தொடங்க வேண்டும். பின்னாலேயே வேறு ஆட்கள் வந்து வெட்டிய புல்லை வாருவார்கள். தேர்ந்த கை இல்லையென்றால் தரையில் அரைவட்ட வடுக்கள் விழும்.

இல்லையென்றால் ஆடு. பெரிய பண்ணை வீடுகளில் செம்மறி ஆடுகளை விட்டு மேய்த்தார்கள். ஆனால் ஆட்டுக்கு அளவு தெரியாதே!

ஆக, வீட்டு முன்னால் சீராக வெட்டிய புல்தரை என்பது அன்று பணக்காரர் வீட்டு அடையாளம். வீட்டுக்காரர் எவ்வளவு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியும் என்பதை அந்தப் புல்தரையே ஊருக்குச் சொல்லிவிடும்.

1830: மெஷின் பிறந்தது எப்படி?

யோசனை இருந்தது, கையில் காசு இல்லை. ஸ்ட்ரவுட் பக்கம் த்ரப் என்ற ஊரில் ஃபீனிக்ஸ் இரும்பு ஆலையை நடத்திய ஜான் ஃபெராபீயிடம் பட்டிங் போனார். 1830 மே மாதம் இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள். மெஷினை உருவாக்கும் செலவும் காப்புரிமைச் செலவும் ஃபெராபீயுடையது. தயாரிப்பது, விற்பது, மற்றவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது ஆகிய உரிமைகளும் அவருக்கே. லாபத்தில் பங்கு என்பது பேச்சு. அதே வருடம் ஆகஸ்ட் 31-ம் தேதி காப்புரிமை கிடைத்தது.

பகலில் சோதித்தால் ஊர் சிரிக்கும், யோசனையும் திருடு போகும் என்று ராத்திரியில்தான் பட்டிங் தன் மெஷினைத் தள்ளிப் பார்த்தார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

முதல் மெஷினின் அகலம் 19 அங்குலம், அதாவது சுமார் 48 செ.மீ. வார்ப்பிரும்புப் பல்சக்கரங்கள் கொண்ட கனமான வண்டி அது. அது வேலை செய்த விதம் இதுதான்:

- பின்னால் ஒரு பெரிய உருளை. மெஷினைத் தள்ளும்போது அது தரையில் உருளும்.
- அந்த உருட்டல் பல்சக்கரங்கள் வழியாக முன்னால் உள்ள பிளேடு உருளைக்குப் போகும். பிளேடு உருளை பல மடங்கு வேகமாகச் சுற்றும்.
- சுற்றும் பிளேடும், கீழே அசையாத பிளேடும் சேர்ந்து புல்லைக் கத்தரிக்கும்.
- வெட்டிய புல் முன்னால் இருக்கும் தட்டில் விழும்.
- நடுவில் ஒரு சின்ன உருளை. அதை ஏற்றி இறக்கினால் புல்லை எவ்வளவு உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்று முடிவு செய்யலாம்.

கடைசியில் சொன்ன அந்தச் சின்ன உருளைதான் வீட்டுக்காரருக்கு முக்கியம். அதுவரைக்கும் வெட்டு உயரம் அரிவாள்காரர் கையில் இருந்தது. இப்போது அது மெஷினைத் தள்ளுபவர் கைக்கு வந்துவிட்டது. காப்புரிமை மனுவிலேயே, நாட்டுப்புறத்துக் கனவான்கள் தாங்களே இந்த மெஷினைத் தள்ளினால் அது பொழுதுபோக்காகவும் உடம்புக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும் என்று குறிப்பிட்டிருந்தார்கள். வேலைக்காரர் செய்த வேலையை முதலாளியே ஆசையாகச் செய்யலாம் என்பது அன்றைக்குப் புதுப் பேச்சு.

இன்னொரு மாற்றமும் நடந்தது. அரிவாளுக்கு ஈரம் வேண்டும். இந்த மெஷினுக்கோ புல் காய்ந்திருந்தால்தான் வசதி. விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய அவசியம் போயிற்று.

யார் முதலில் வாங்கினார்கள்?

லண்டன் ரீஜென்ட் பார்க் உயிரியல் தோட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளும் முதலில் வாங்கியவர்களில் உண்டு. அன்று தோட்டக்கலை எழுத்தில் பெரிய பெயராக இருந்த ஜான் கிளாடியஸ் லவுடன், தன் பத்திரிகையில் இந்த மெஷினைப் பாராட்டி எழுதினார். 1832-ல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம் நிறுவனம் லைசென்ஸ் வாங்கித் தயாரிக்கத் தொடங்கியது.

ஆனால் வீட்டுக்கு வீடு பரவ நாளானது. மெஷின் கனம் அதிகம். பின்னால் ஒருவர் தள்ள, முன்னால் ஒருவர் இழுக்க வேண்டியிருந்தது. பெரிய மைதானங்களுக்கு மட்டக்குதிரை இழுக்கும் மெஷின்கள் வந்தன. அங்கே ஒரு சிக்கல். குதிரையின் குளம்பு பட்டால் புல்தரையில் குழி விழும். அதற்காகக் குதிரைக்கு லெதர் பூட் தைத்துப் போட்டார்கள். புல்தரையைக் காப்பாற்றக் குதிரைக்கு ஷூ! ஆம்பூர்க்காரர்கள் கேட்டால் ஆர்டர் எத்தனை ஜோடி என்று கேட்பார்கள். குதிரைக்கு எப்போதும் இரண்டு ஜோடி.

பட்டிங்குக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் கதை கசக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் காப்புரிமைக்கு ஆயுள் 14 வருடம். 1830-ல் வாங்கியது 1844-ல் முடிந்துவிட்டது. அந்த 14 வருடங்களில் மெஷின் பிரபலமானது உண்மை. ஆனால் நடுத்தர வீடுகளுக்குள் அது பெரிய அளவில் நுழையவில்லை. இலகுவான, மலிவான மெஷின்களும் சங்கிலியால் ஓடும் மெஷின்களும் 1850-களுக்குப் பிறகுதான் வந்தன. அந்த வியாபாரம் பெருகியபோது அதில் பட்டிங்குக்குப் பங்கும் இல்லை, அதைப் பார்க்க அவரும் இல்லை.

மெஷினை விற்றுப் பணக்காரராக உட்காரவில்லை அவர். அடுத்த வேலைக்குப் போனார். பல குழல்கள் கொண்ட கைத்துப்பாக்கி ஒன்றை வடிவமைத்தார். திருகைச் சுழற்றி வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனரின் ஆரம்பகால வடிவமைப்பாளர்களிலும் அவர் பெயர் வருகிறது. பிறகு டர்ஸ்லி என்ற ஊருக்குக் குடிபோய், ஜார்ஜ் லிஸ்டர் என்ற தொழிலதிபரோடு சேர்ந்து கம்பளியைச் சிக்கெடுக்கும் மெஷினை மேம்படுத்தினார். துணி மில்லில் தொடங்கிய வாழ்க்கை திரும்பவும் துணி மெஷினிலேயே வந்து நின்றது.

1846-ல் பக்கவாதம் தாக்கி இறந்தார். வயது சுமார் 50. டர்ஸ்லிக்குப் பக்கத்தில் கேம் என்ற கிராமத்துத் தேவாலய வளாகத்தில் அவரைப் புதைத்தார்கள்.

அவர் இறந்து 31 வருடம் கழித்து, 1877-ல் விம்பிள்டனில் முதல் டென்னிஸ் போட்டி நடந்தது. இன்று அங்கே புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்துகிறார்கள். உருளை பிளேடு மெஷின் இல்லாமல் அந்தத் துல்லியம் இல்லை. கிரிக்கெட், கோல்ஃப், கால்பந்து மைதானங்கள் எல்லாவற்றிலும் அந்த மெக்கானிக்கின் யோசனை ஓடுகிறது.

ஆம்பூர் டேனரியில் இருக்கும் சொந்தக்கார மெஷின்

தோல் பதனிடும் வேலை தெரிந்தவர்களுக்கு ஷேவிங் மெஷின் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குரோம் பதனிட்டு நீல நிறத்தில் இருக்கும் ஈரத் தோலைப் பிழிந்து எடுத்த பிறகு, அது எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. முதுகுப் பக்கம் தடிப்பாகவும் வயிற்றுப் பக்கம் மெல்லிசாகவும் இருக்கும். ஷூவுக்குப் போகும் தோல் அப்படி இருந்தால் ஆகாது. ஷேவிங் மெஷினில் விட்டு, வேண்டிய மில்லிமீட்டருக்குச் சீவி எடுப்பார்கள்.

அந்த மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது முறுக்கிய பிளேடுகள் சுற்றிய ஒரு உருளை. தோலில் ஒட்டியிருக்கும் சதையை எடுக்கும் ஃபிளெஷிங் மெஷினிலும் அதே மாதிரி உருளைதான். இவற்றை பட்டிங் கண்டுபிடிக்கவில்லை. புல் மெஷினில் இருப்பது போல இவற்றில் கீழே அசையாத வெட்டு பிளேடும் கிடையாது. தோலை ஒரு உருளை தாங்கிப் பிடிக்க, பிளேடு உருளை சீவிக்கொண்டு போகும். ஆனால் குறிக்கோள் ஒன்றுதான்: மேடு பள்ளமாக இருப்பதை ஒரே அளவுக்குக் கொண்டு வருவது.

பிளேடு மழுங்கினால் என்ன ஆகும் என்று ஷேவிங் ஆபரேட்டருக்குத் தெரியும். தோலில் கோடு விழும், கிழியும். அதனால்தான் சாணைக் கல் மெஷினிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. வீட்டுப் புல்லுக்கும் இதே கதைதான். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்த்து எடுக்கும். இரண்டு நாளில் நுனி வெளுத்து, தரை முழுக்கப் பழுப்பேறும். பல வீடுகளில் இதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் விடுகிறார்கள். உண்மையில் பிளேடைத்தான் தீட்ட வேண்டும்.

சரி, வேலூர் வெயிலுக்கு எப்படி வெட்டுவது?

பட்டிங்கின் மெஷின் இங்கிலாந்துப் புல்லுக்குச் செய்தது. அங்கே குளிர், அடிக்கடி தூறல். அந்தப் புல் வகைகள் வேலூர் மே மாதத்தில் ஒரு வாரம் தாங்காது. இங்கே தாங்கும் புல் எது என்று தேட வேண்டியதில்லை. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. உலகம் முழுக்க வெப்ப நாடுகளில் மைதானங்களுக்கும் வீடுகளுக்கும் போடும் பெர்முடா புல் என்பதும் இதே இனம்தான். வெயிலையும் ஓரளவு உப்புத் தண்ணீரையும் தாங்கும். கொரியன் புல் பார்க்க அழகு, மெதுவாக வளரும், வெட்டும் வேலை குறைவு. ஆனால் அடர்ந்து மேடு மேடாகக் கிளம்பும்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை:

- மூன்றில் ஒரு பங்கு: ஒரே தடவையில் புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் வேர் பலவீனமாகும்.
- உயரம்: வீட்டு அருகம்புல்லுக்கு 25 முதல் 40 மி.மீ. போதும். கோடையில் உயரத்தைக் கூட்டி விட வேண்டும். புல் கொஞ்சம் உயரமாக இருந்தால் மண்ணுக்கு நிழல், ஈரம் சீக்கிரம் ஆவியாகாது.
- எப்போது: மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தேவைப்படலாம். கோடையில் வளர்ச்சி குறைவு, இடைவெளி விடலாம். ஈரமாக இருக்கும்போது வெட்டக் கூடாது. கொத்துக் கொத்தாக ஒட்டும்.
- வாருவதா, விடுவதா: அடிக்கடி கொஞ்சமாக வெட்டினால் துண்டுகளை அப்படியே விடலாம். மக்கி உரமாகும். நீளமாக வளரவிட்டு வெட்டினால் வாரி எடுத்துவிட வேண்டும்.
- எந்த மெஷின்: சின்ன இடம், சமதரை என்றால் கையால் தள்ளும் உருளை பிளேடு மெஷின் போதும். கரண்ட், பெட்ரோல் வேண்டாம். முள், கல், களை நிறைந்த இடத்துக்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர். அப்போது கண்ணாடியும் ஷூவும் கட்டாயம். கல் தெறித்தால் கண் போகும்.

தண்ணீர் கணக்கு

இந்த வட்டாரத்தில் புல்தரை வைப்பவர் முதலில் கேட்க வேண்டியது வெட்டு உயரத்தை அல்ல, தண்ணீரை. 1 சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. நீர் என்றால் 1 லிட்டர். 1,000 சதுர அடி புல்தரை சுமார் 93 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. விட்டால் 465 லிட்டர். 10 நாளில் 4,650 லிட்டர், ஏறக்குறைய ஒரு சின்ன டேங்கர் லாரி தண்ணீர்.

பாலாறு மணலாகக் கிடக்கும் வருடங்களே அதிகம். டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையின் மண்ணும் கிணறும் உப்பானது பற்றிய வழக்கில்தான், 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. வழக்குத் தொடர்ந்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம். அந்தத் தண்ணீர்ப் பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை. பக்கத்துத் தெருவில் குடம் வரிசையில் நிற்கும்போது, வாசலில் புல்லுக்குக் குழாய் திறந்து விடுவது வெறும் தோட்ட விஷயம் இல்லை.

அதனால்தான் இங்கே பழைய வீடுகளின் வழக்கத்தை லேசாக எண்ண முடியாது. வாசலைப் பெருக்கி, ஒரு குடம் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டால் முடிந்தது. முழு வாசலுக்கும் புல் போடாமல், உட்கார ஒரு 100 சதுர அடிக்கு மட்டும் அருகம்புல், மீதிக்கு மண்ணும் மரநிழலும் என்று வைத்தால், மேலே சொன்ன கணக்கு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். துணி துவைத்த, பாத்திரம் அலசிய தண்ணீரை அதற்குத் திருப்புவதென்றால், சோப்புத்தூள் காரம் மண்ணில் சேராத அளவுக்கு இடையிடையே நல்ல தண்ணீரும் விட வேண்டும்.

இன்று பட்டிங் எங்கே இருக்கிறார்?

ஸ்ட்ரவுட் ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய ஆரம்பகால மெஷின் ஒன்றைப் பார்க்கலாம். த்ரப் ஆற்றோர மில்களில் துணி ஓட்டம் எப்போதோ குறைந்துவிட்டது. அவர் பெயரை வைத்துப் பெரிய கம்பெனி எதுவும் நிலைக்கவில்லை. அவர் விட்டுப் போனது, நடுவில் இருந்த அந்தச் சின்ன உருளை. இன்று கடையில் வாங்கும் எந்தப் புல் மெஷினிலும் உயரத்தை மாற்ற ஒரு லீவரோ திருகோ இருக்கும். இங்கிலாந்துக்காரர் அதை இறக்கி வைத்துக்கொள்ளலாம். வேலூரில், சித்திரை பிறப்பதற்கு முன்னாலேயே அதை ஒரு படி ஏற்றி வைத்துவிட வேண்டும்.